வண்டி எண் கேட்கிறது கருவி

வாளையாற்றுப் பாலத்துக்குக் கிழக்கே
ஒரு ஆம்னி வேன், அதுதான் என் கடை.
பக்கவாட்டில் மஞ்சள் பெயிண்ட்:
புகைப் பரிசோதனை, ஐந்தே நிமிடம்.
வருகிறவனிடம் இரண்டு நிமிடம்கூட இருக்காது.
"சேச்சி, வேகம்" என்பான் ரப்பாயி,
பழைய மாருதியை உறுமவிட்டபடி.
அணைக்கச் சொல்லமாட்டேன்.
அது மூச்சு விட்டால்தான் எனக்குச் சோறு.

குழலைப் பின்னால் செருகினால்
எண்கள் நடுங்கும், ஏறும், நிற்கும்.
கரியமில வாயு பதின்மூன்று சதவீதம்.
அதற்கு வரம்பு கிடையாது, அபராதம் கிடையாது.
விஷப்புகைக்குத்தான் சட்டம்.
இதைச் சும்மா அளந்து சும்மா விடுகிறோம்.

இன்று அந்தப் பக்கம் ஹர்த்தால்.
எட்டிமடை வரை லாரிகள்
எஞ்சின் அணைந்து, அடியில் பாய் விரித்துக் கிடக்கின்றன.
ஆனிக் காற்று கணவாய்க்குள் புகுந்து
பனைகளைக் கிழக்கே சாய்க்கிறது.
அதை யாரும் மறிக்கவில்லை.

இரண்டு மணிக்கு டிபன் பாக்ஸைக் கழுவினேன்.
சும்மா கிடந்த குழலை முந்தானையில் துடைத்து
வாயில் வைத்து ஊதினேன்.

நான்கு சதவீதம்.

யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டு
மறுபடி ஊதினேன், அடிவயிறு காலியாகும்வரை.
நான்கு புள்ளி மூன்று.
கருவி கேட்டது, எரிபொருள் என்ன?
பெட்ரோலா, காஸா?

கொழிஞ்சாம்பாறைச் சிவப்பரிசி,
முள்ளங்கிக் குழம்பு.

அந்த அரிசி போன மார்கழியில் வெறும் காற்று.
மார்கழியில் கணவாய் மேற்கே வீசும்.
லாரிகள் விட்டதும் ரப்பாயி விட்டதும்
கொட்டாவியில் நான் விட்டதும் சேர்ந்து
செக்போஸ்ட்டில் நிற்காமல் தாண்டிப்போய்
ஏதோ ஒரு வயலில் இறங்கியிருக்கும்.
இலை வாய் திறந்து வாங்கி
வெயிலை ஊசியாக்கித் தைத்து
பால் கட்டி, மணி முற்றி
மூட்டையில் ஏறி இதே பாலம் வழியாக வந்தது.
போனபோது பில் இல்லை.
வந்தபோது கிலோ அறுபத்திரண்டு ரூபாய்.

நான் ஊதியது, ஆக, போன வருஷக் கைமாற்று.
வாங்கினேன், தின்றேன், திருப்பிவிட்டேன்.
ரப்பாயி வண்டி ஊதுவது அப்படியில்லை.
அது முதல்.
எல்லைக்கல் நடுவதற்கு முன்னே,
நடக் கைகள் உண்டாவதற்கு முன்னே
யாரோ புதைத்துவைத்ததை
அவன் குருவாயூருக்கும் கோயமுத்தூருக்கும்
செலவழித்துக்கொண்டிருக்கிறான்.
அந்தப் பக்கச் சிமென்ட் ஆலையும் அப்படித்தான்,
கல்லுக்குள் கடல் மூடிவைத்த காற்றைச்
சுட்டுத் திறக்கிறது.
அந்த சிமென்ட்டில்தான் என் வீட்டுத் தளம்.
நான் யாரைச் சொல்ல?

வெள்ளிங்கிரி எழுபத்தெட்டு கிலோ.
மின்மயானத்தில் திருப்பித் தந்தது
ஒரு சட்டி, வெள்ளையாய், சுண்ணாம்பு மாதிரி.
மீதி எங்கே என்று கேட்க அன்றைக்குத் தோன்றவில்லை.
தினம் புகையை அளக்கிறவள்,
அந்தக் குழாயை அண்ணாந்து பார்க்கக்கூட இல்லை.
அதுவும் ஒரு மார்கழிதான்.
காற்று மேற்கே வீசிய மார்கழி.

நினைத்ததை அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.
சோறு சோறுதான்.

கருவி விடவில்லை. வண்டி எண்?
வேன் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்தது
காயலான் கடைக்குப் போன அவர் ஸ்கூட்டரின் பலகை.
உருவி எடுத்து மண் தட்டி
கேமரா முன்னால் பிடித்தேன்.
படம் எடுத்துக்கொண்டது.
யோசித்தது.
சரசரவென்று தாள் துப்பியது:

தேர்ச்சி.
ஆறு மாதம் செல்லும்.

பலகையைத் திரும்ப வைக்கக் குனிவதற்குள்
வேன் ஒரு சாண் கிழக்கே உருண்டிருந்தது.